கோவையின் இடிபாடும் கொத்தனாரின் கலவையும்

கோயம்புத்தூரில் ஒரு பழைய வீட்டை இடிக்கும்போது முதலில் போவது கதவும் நிலையும் ஜன்னலும். தேக்கு என்றால் அன்றைக்கே ஆள் வந்து எடுத்துப் போய்விடுவார். அடுத்து ஓடு, பிறகு கம்பி. இவற்றுக்கெல்லாம் விலை உண்டு. கட்டடத்தில் மரமும் இரும்பும் நிறைய இருந்தால், இடிப்பவரே வீட்டுக்காரருக்குப் பணம் கொடுத்து எடுத்துக்கொள்வதும் உண்டு. கடைசியில் மிஞ்சுவது உடைந்த செங்கலும் காரையும் கான்கிரீட் துண்டும் தரை ஓட்டுச் சில்லும் மண்ணும் கலந்த ஒரு குவியல். அதற்கு விலை கிடையாது. ஏற்றிப் போக லாரி வாடகை கொடுக்க வேண்டும். ஆகவே வாடகை மிச்சமாகும் இடத்தில் அது கொட்டப்படுகிறது. புறவழிச்சாலை ஓரம், சங்கனூர் ஓடைக் கரை, நொய்யல் நீரால் நிறையும் குளங்களின் விளிம்பு என்று நகரத்தின் நீர்வழிகளே அதற்கு இடமாகிவிட்டன.

விலையில்லாத அந்தக் குவியலைப் பற்றியதுதான் இந்தக் கட்டுரை. அதில் உள்ள செங்கலையும் காரையையும் கான்கிரீட்டையும் உடைத்துச் சலித்தால் கிடைக்கும் மணலை, சுவர் கட்டும் கலவையிலும் பூச்சுக் கலவையிலும் ஒரு பங்கு சேர்க்கலாம். அறிவியல் அதற்கு இடம் தருகிறது. நம் கட்டட மரபும் அதற்கு முன்னோடியாக நிற்கிறது. தடை இருப்பது வேறு இடங்களில்: இடிக்கும்போது தரம் பிரிக்காத பழக்கத்தில், கலவை மணலுக்கான தர நிர்ணயத்தில், சிறு வீடுகளைக் கண்டுகொள்ளாத விதிகளில்.

குவியலின் அளவு

இந்தியாவில் ஆண்டுதோறும் எவ்வளவு கட்டடக் கழிவு சேருகிறது என்பதற்கு ஒரே எண் கிடையாது. நடுவண் அரசின் கட்டுமானப் பொருள், தொழில்நுட்ப ஊக்குவிப்புக் குழு 15 கோடி டன் என்று சொன்னது. டெல்லியின் அறிவியல், சுற்றுச்சூழல் மையம் 2013ஆம் ஆண்டுக்கு 53 கோடி டன் என்று கணக்கிட்டது. இடைவெளி இவ்வளவு பெரிதாக இருப்பதற்குக் காரணம், யாரும் இதை எடைபோடுவதில்லை என்பதுதான். சென்னைக்கு மட்டும் ஐஐடி மெட்ராஸ் ஆய்வாளர்கள் செய்த மதிப்பீடு 2013இல் 11.4 லட்சம் டன்.

ஒரு வீட்டின் கணக்கைப் பார்த்தால் அளவு கண்ணுக்குப் புலப்படும். நடுவண் அரசின் தொழில்நுட்ப மதிப்பீட்டு அமைப்பான டைஃபாக் 2001இல் தந்த அளவுகோலின்படி, நிலையான கட்டடத்தை இடித்தால் ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோ கழிவு வரும். ஓட்டு வீடு போன்ற அரை நிலைக் கட்டடத்துக்கு 300 கிலோ. ஆயிரம் சதுர அடி வீடு என்பது ஏறக்குறைய 93 சதுர மீட்டர். அப்படியானால் ஒரே ஒரு நடுத்தர வீட்டிலிருந்து 46 டன் இடிபாடு வெளியே வருகிறது. இதுவும் குறைந்த அளவுக் கணக்குதான். கான்கிரீட் கூரையும் தூண்களும் உள்ள வீடு இதைவிடக் கனமானது.

கோவை இப்போது தன்னைத் தானே இடித்துக் கட்டிக்கொண்டிருக்கும் நகரம். அவினாசி சாலையில் உப்பிலிபாளையத்திலிருந்து கோல்டுவின்ஸ் வரை 10.1 கிலோமீட்டருக்கு மேம்பாலம் எழுந்து 2025 அக்டோபரில் திறக்கப்பட்டது. உக்கடம் மேம்பாலம் 2024 ஆகஸ்டில் திறக்கப்பட்டது. ஆர்.எஸ். புரம், சாய்பாபா காலனி, ராமநாதபுரம் போன்ற பழைய குடியிருப்புகளில் தனி வீடு நின்ற மனையில் அடுக்குமாடி வருகிறது. நூற்பாலைகள் மூடப்பட்ட வளாகங்களில் சுண்ணாம்புக் காரையில் கட்டிய பெருஞ்சுவர்கள் விழுகின்றன. ஒரு பக்கம் இடிபாடு சேர, மறுபக்கம் அதே தெருவில் புது வேலைக்கு எம் சாண்ட் வந்து இறங்குகிறது.

மணல் எங்கிருந்து வருகிறது

கோவைக்கு ஆற்று மணல் என்றால் அது பெரும்பாலும் கரூர், திருச்சிப் பக்கத்துக் காவிரி மணல். நூறு கிலோமீட்டருக்கு மேல் லாரியில் வர வேண்டும். ஆற்றில் மணல் எடுத்ததன் விளைவை காவிரிக் கரை மக்கள் கிணற்றில் பார்த்துவிட்டார்கள். 2017 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை, மாநிலத்தின் மணல் குவாரிகளை ஆறு மாதங்களுக்குள் மூட வேண்டும் என்று உத்தரவிடும் அளவுக்கு நிலைமை போனது. மாற்றாக வந்தது கருங்கல்லை அரைத்துச் செய்யும் எம் சாண்ட். பூச்சு வேலைக்கு அதையே இன்னும் நயமாக்கிய பி சாண்ட். தமிழக அரசு 2023இல் எம் சாண்டுக்கெனத் தனிக் கொள்கையே வெளியிட்டது.

எம் சாண்ட் ஆற்றைக் காப்பாற்றியது, ஆனால் மலையைத் தின்கிறது. கிணத்துக்கடவு, மதுக்கரை, சூலூர் வட்டாரக் கல்குவாரிகளைச் சுற்றியுள்ள ஊர்களில் வெடியதிர்வும் தூசியும் நிலத்தடி நீரும் தீராத வழக்குகளாக இருக்கின்றன. செங்கல்லின் கதையும் இதேதான். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துத் தடாகம் பள்ளத்தாக்கில், யானைகள் நடமாடும் நிலத்தில், செம்மண்ணை ஆள் உயரத்துக்கும் கீழே தோண்டி எடுத்து நூற்றுக்கும் மேற்பட்ட சூளைகள் இயங்கின. நீண்ட போராட்டத்துக்கும் வழக்குகளுக்கும் பிறகு 2021இல் அவை மூடப்பட்டன. கோவையின் எத்தனையோ வீட்டுச் சுவர்கள் அந்தப் பள்ளத்தாக்கின் செம்மண். அந்தச் சுவரை இடித்து ஓடையில் கொட்டும்போது ஒரே மண்ணால் இரண்டு இடங்களைக் கெடுக்கிறோம்: எடுத்த இடத்தையும் கொட்டிய இடத்தையும்.

கான்கிரீட்டைவிடக் கலவை ஏன் ஏற்றது

இடிபாட்டை மறுபயன் செய்வது பற்றிப் பேசும்போதெல்லாம் கான்கிரீட்தான் முதலில் நினைவுக்கு வருகிறது. இந்தியத் தர நிர்ணயமும் அந்த வழியில்தான் சென்றது. கான்கிரீட்டுக்கான ஜல்லி, மணல் பற்றிய ஐஎஸ் 383 தரவரைவு 2016இல் திருத்தப்பட்டபோது, மறுசுழற்சிப் பொருள்களுக்கு முதன்முறையாக முறையான இடம் கிடைத்தது. இடித்த கான்கிரீட்டை மட்டும் உடைத்துப் பெற்ற பொருளைக் கம்பியில்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடும், கம்பி கட்டிய கான்கிரீட்டில் எம்25 தரம் வரை 20 விழுக்காடும் சேர்க்கலாம். எம்15க்குக் கீழான மெலிந்த கான்கிரீட்டில் முழுவதுமே அதைப் பயன்படுத்தலாம். ஆனால் செங்கல்லும் காரையும் கலந்து வரும் ஜல்லிக்கு மெலிந்த கான்கிரீட்டில் மட்டுமே அனுமதி.

இந்த எச்சரிக்கை நியாயமானது. தூணும் உத்திரமும் உயிரைத் தாங்குபவை. ஆனால் கோவையின் பழைய வீடுகளிலிருந்து வரும் இடிபாட்டில் பெரும்பகுதி செங்கல்லும் காரையும்தான். கான்கிரீட் வாசலில் நின்றால் அந்தப் பொருளுக்கு உள்ளே போக வழியில்லை.

கலவையின் தேவை வேறு. கட்டுவேலைக் கலவைக்கான ஐஎஸ் 2250 தரவரைவைப் பார்த்தால், ஒரு பங்கு சிமென்டுக்கு ஆறு பங்கு மணல் என்ற வழக்கமான கலவையிடம் எதிர்பார்க்கும் உறுதி சதுர மில்லிமீட்டருக்கு 3 நியூட்டன். எம்25 கான்கிரீட்டிடம் கேட்பது 25. சாதாரணச் செங்கல்லுக்கான தொடக்கத் தரமே 3.5 நியூட்டன்தான். கலவை செங்கல்லைவிடச் சற்று மெலிந்திருப்பதுதான் சுவருக்கு நல்லது. அடித்தளம் சிறிது இறங்கினாலும் வெயிலில் சுவர் விரிந்தாலும் விரிசல் இணைப்பில் மெல்லிய கோடாக விழுந்து நிற்கும். கலவை செங்கல்லைவிட வலிமையாக இருந்தால் செங்கல்லே பிளக்கும்.

இதைப் பழைய கட்டடங்களை இடிப்பவர்கள் தினமும் பார்க்கிறார்கள். சுண்ணாம்புக் காரையில் கட்டிய சுவரில் செங்கல் முழுசாகக் கழன்று வரும்; கொத்திச் சுத்தம் செய்து அடுக்கி விற்கலாம். சிமென்ட் அதிகம் போட்டுக் கட்டிய சுவரில் காரை விடாப்பிடியாக ஒட்டிக்கொண்டு, செங்கல் துண்டு துண்டாகத்தான் வரும். ஆகவே சிமென்ட் காலத்து வீடுகள் இடிபடத் தொடங்கிய பிறகு முழுச் செங்கல் குறைந்து சில்லு கூடிவிட்டது. அந்தச் சில்லுக்கு ஏற்ற இடம் மறுபடியும் கலவைதான்.

அளவிலும் கலவை சிறியதல்ல. பத்தடிக்குப் பத்தடி, ஒன்பது அங்குலச் சுவர் ஒன்றை எடுத்துக்கொள்வோம். அதன் கன அளவு 75 கன அடி. இணைப்புகளை நிரப்பும் கலவை அதில் ஏறக்குறைய 20 கன அடி. அதற்கு வேண்டிய மணல் கால் யூனிட்டுக்குச் சற்றுக் குறைவு. அதில் 30 விழுக்காட்டை மறுசுழற்சி மணலாக மாற்றினால் ஆறேழு கன அடி, எடையில் கால் டன். நான்கு சுவரும் எழுந்தால், வாசல் ஜன்னல் இடைவெளியைக் கழிக்காமல், ஒரு டன். உள்ளும் புறமும் பூச்சு, தரை ஓட்டுக்கு அடியில் போடும் கலவைப் படுகை ஆகியவை இதற்கு மேல். மேலே சொன்ன 46 டன்னில் மூன்றில் ஒரு பங்கு மணலாகத் தேறினாலும் பதினைந்து அறைகளின் சுவர்களுக்கு அது போதும்.

சுர்க்கி தந்த பாடம்

உடைந்த செங்கல்லைக் கலவையில் சேர்ப்பது நமக்குப் புதிதல்ல. செங்கல் தூளான சுர்க்கியைச் சுண்ணாம்போடு கலந்து அணைகளே கட்டியிருக்கிறோம். 1887இல் தொடங்கி 1895இல் முடிந்த முல்லைப் பெரியாறு அணை சுண்ணாம்பு, சுர்க்கிக் காரையில் எழுந்தது. காவிரியின் குறுக்கே கர்நாடகத்தில் நிற்கும் கிருஷ்ணராஜ சாகர் அணையும் சுர்க்கிக் காரையில் கட்டியதுதான். கோவையில் இன்றும் பழைய வீட்டு மொட்டை மாடிகளில் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து, கடுக்காய் நீர் தெளித்து, மரக்கட்டையால் அடித்து இறுக்கிய தளம் இருக்கிறது. மேலே தட்டோடு பதித்த அந்தத் தளம் மழையையும் வெயிலையும் தடுக்கிறது. உலகின் மறுகோடியில் ரோமானியரும் இதையே செய்தார்கள். கட்டடக் கலை பற்றி எழுதிய விட்ருவியஸ், ஆற்று மணலோடு மூன்றில் ஒரு பங்கு சலித்த ஓட்டுத் தூளைச் சேர்த்தால் காரை மேம்படும் என்று பரிந்துரைத்திருக்கிறார்.

இதன் வேதியியல் இன்று தெளிவாகத் தெரியும். களிமண்ணை 600 முதல் 800 பாகை செல்சியஸ் வரை சுடும்போது அதன் படிக அமைப்பு குலைகிறது. அந்நிலையில் அதிலுள்ள சிலிக்காவும் அலுமினாவும் சுண்ணாம்போடு வினைபுரியத் தயாராக இருக்கின்றன. ஈரத்தில் இரண்டும் சேர்ந்து சிமென்டில் உருவாவது போன்ற பிணைப்புப் பொருளை உண்டாக்குகின்றன. சிமென்ட் இறுகும்போதும் சுண்ணாம்பு வெளியாகிறது. செங்கல் தூள் அதோடும் மெல்ல வினைபுரியும். நாட்டுச் சூளையில் விறகு வைத்துச் சுட்ட செங்கல், குறிப்பாக முழுக்க வேகாத செங்கல், இதற்கு ஏற்றது. அதிகம் வெந்து கண்ணாடிபோல் இறுகிய செங்கல்லுக்கு இந்தக் குணம் குறைவு.

ஒன்றை இங்கே சரியாகப் புரிந்துகொள்ள வேண்டும். இந்த வினை நடப்பது மாவு போன்ற நுண்தூளில்தான். மணல் அளவுக் குருணையின் மேற்பரப்பில் மட்டும் சிறிது நடக்கும். ஆகவே உடைத்துச் சலித்த செங்கல் மணலைச் சேர்த்தால் சிமென்டைக் குறைத்துவிடலாம் என்று யாரும் கணக்குப் போடக் கூடாது. அது மணலுக்கு மாற்று, சிமென்டுக்கு மாற்றல்ல.

இந்தியத் தர நிர்ணய அமைவனம் இந்த மரபை மறந்துவிடவில்லை. சுண்ணாம்புக் காரைக்கான உடைந்த செங்கல் மணலுக்கு ஐஎஸ் 3182, சுண்ணாம்புக் கான்கிரீட்டுக்கான செங்கல் ஜல்லிக்கு ஐஎஸ் 3068 என்று தனித்தனி தரவரைவுகள் உள்ளன. ஆனால் இன்று கட்டுவேலை நடப்பது சிமென்டில். சிமென்ட் கலவை மணலுக்கான ஐஎஸ் 2116 என்ற 1980ஆம் ஆண்டுத் தரவரைவு ஆற்று மணலையும் கல்லையும் கூழாங்கல்லையும் உடைத்த மணலையும்தான் பேசுகிறது. கான்கிரீட்டுக்கு 2016இல் திறந்த கதவு கலவைக்கு அதே தெளிவோடு திறக்கவில்லை. பொறியாளர் ஒருவர் தயங்கினால் அவரைக் குறை சொல்ல முடியாது. கையெழுத்துப் போட அவருக்கு ஓர் எண் வேண்டும்.

நீரைக் குடிக்கும் மணல்

மறுசுழற்சி மணலின் மிகப் பெரிய சிக்கல் தண்ணீர். நல்ல ஆற்று மணல் தன் எடையில் ஒன்றிரண்டு விழுக்காடு நீரைத்தான் உறிஞ்சும். பழைய சிமென்ட் ஒட்டியிருக்கும் கான்கிரீட் மணல் ஐந்திலிருந்து பத்து விழுக்காடு வரை உறிஞ்சும். செங்கல் மணல் அதற்கும் மேல். உலர்ந்த நிலையில் அதைக் கலவையில் போட்டால், சிமென்டுக்கு ஊற்றிய தண்ணீரை அது குடித்துவிடும். கலவை சட்டியிலேயே இறுகும். கொத்தனார் கரண்டியில் எடுத்ததும் மேலும் தண்ணீர் கேட்பார். சித்தாள் ஊற்றுவார். உறுதி போவதும் காய்ந்ததும் சுருங்கி விரிசல் விடுவதும் அந்த ஒரு செம்புத் தண்ணீரால்தான்.

தீர்வு எளியது: மணலை முன்கூட்டியே நனைத்து வைப்பது. முந்தின நாள் மாலை தண்ணீர் தெளித்துச் சாக்கால் மூடி வைத்தால், காலையில் உள்ளே ஈரமும் மேலே உலர்வுமாக இருக்கும். அப்படி நனைந்த மணல் பிறகு ஒரு நன்மையும் செய்கிறது. தன்னுள் வைத்திருக்கும் ஈரத்தை மெல்ல விட்டுக்கொடுத்து, கலவை உள்ளிருந்து பதமாவதற்கு உதவுகிறது. கோவையில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று வீசும் மாதங்களில் பூச்சு எவ்வளவு வேகமாகக் காய்கிறது என்பது கொத்தனார்களுக்குத் தெரியும். ஐஎஸ் 383 தரவரைவும் சாதாரண ஜல்லிக்கு நீர் உறிஞ்சுதல் 5 விழுக்காடு என்று எல்லை வைத்துவிட்டு, மறுசுழற்சிப் பொருளை முன்கூட்டியே நனைத்தால் 10 விழுக்காடு வரை ஏற்கிறது.

எவ்வளவு சேர்க்கலாம் என்பதற்கு ஆய்வகங்கள் விடை தந்திருக்கின்றன. ஸ்பெயினின் கோர்தோபா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2013இல் வெளியிட்ட ஆய்வில், செங்கல் கழிவிலிருந்து பெற்ற மணலை 40 விழுக்காடு வரை சேர்த்தும் கட்டுவேலைக் கலவைக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை என்று கண்டார்கள். போர்ச்சுகலின் லிஸ்பனில் நடந்த சோதனைகளில், மிக நுண்ணிய செங்கல் தூளைச் சிறு அளவில் சேர்த்த பூச்சுக் கலவையின் உறுதி கூடவே செய்தது. வெற்றிடங்களைத் தூள் நிரப்பியது அதற்கு ஒரு காரணம். அளவை மேலும் கூட்டிக்கொண்டே போனால் நீர்த் தேவையும் சுருக்கமும் கூடுகின்றன என்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. நம் ஊர்ப் பொருளுக்கு 25, 30 விழுக்காட்டில் நின்றுகொள்வது பாதுகாப்பானது. சுற்றுச்சுவர், உள் தடுப்புச் சுவர், பூச்சின் முதல் அடுக்கு, தரைப் படுகை ஆகிய வேலைகளில் தொடங்குவதே முறை.

கெடுப்பவை எவை

இடிபாட்டில் கல்லும் செங்கல்லும் மட்டும் இருப்பதில்லை. மிகவும் அஞ்ச வேண்டியது பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ். கடந்த இருபது முப்பது ஆண்டுகளில் பொய்க்கூரையும் அலங்கார வேலைகளும் பெருகிவிட்டன; அதெல்லாம் ஜிப்சம். ஜிப்சத்தின் சல்ஃபேட் சிமென்டோடு சேர்ந்து காலம் கழித்து உப்பும். பூச்சு பொருமி உதிரும். மறுசுழற்சிப் பொருளில் சல்ஃபேட் 0.5 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று ஐஎஸ் 383 சொல்வது இதனால்தான். அடுத்தது உப்பு. கழிவறைச் சுவர், உப்பு நீர் ஏறிய அடிச்சுவர் ஆகியவற்றின் காரை புதுச் சுவரிலும் உப்புப் பூக்க வைக்கும். பழைய பட்டறைகளின் கல்நார் கூரைத் தகடுகள் தொழிலாளரின் நுரையீரலுக்கே ஆபத்தானவை. அவை உடைப்பானுக்கு அருகிலேயே வரக் கூடாது. மரத்தூள், பெயின்ட் படலம், பிளாஸ்டிக், தோட்டத்து மண் ஆகியவை கலவையின் பிடிப்பைக் குறைக்கும்.

வேலையிடத்திலேயே செய்யக்கூடிய சோதனை ஒன்று உண்டு. அளவு குறித்த கண்ணாடிக் குடுவையில் 50 மில்லி உப்பு நீர் ஊற்றி, 100 மில்லி கோடு வரும்வரை மணல் போட்டு, மறுபடி உப்பு நீரால் 150 வரை நிரப்பி, நன்றாகக் குலுக்கி மூன்று மணி நேரம் அசையாமல் வைக்க வேண்டும். மணல் அடியில் இறங்க, வண்டலும் தூளும் மேலே தனிப் படலமாகத் தங்கும். படலம் தடித்திருந்தால் அந்த மணலைக் கழுவாமல் தொடக் கூடாது. கலவை மணலில் களியும் நுண்தூசியும் எடையில் 5 விழுக்காட்டை மீறக் கூடாது என்பது ஐஎஸ் 2116 விதி. குடுவை காட்டுவது கன அளவு என்பதால் இது தோராயச் சோதனைதான். சல்ஃபேட்டையும் குளோரைடையும் ஆய்வகம்தான் சொல்ல வேண்டும். கோவையில் அதற்கு ஆளும் கருவியும் குறைவில்லை. அரசு தொழில்நுட்பக் கல்லூரி, பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரி, கோவை தொழில்நுட்பக் கல்லூரி என்று அரை நூற்றாண்டைத் தாண்டிய பொறியியல் கல்லூரிகள் நகருக்குள்ளேயே இருக்கின்றன.

விதிகளின் வலையில் சிக்காத வீடு

கட்டடக் கழிவு மேலாண்மை விதிகள் 2016 மார்ச்சில் வந்தன. நாளொன்றுக்கு 20 டன்னோ, ஒரு வேலையில் மாதத்துக்கு 300 டன்னோ கழிவு உண்டாக்குபவர், அதை கான்கிரீட், மண், இரும்பு மரம் பிளாஸ்டிக், செங்கல்லும் காரையும் என நான்காகப் பிரிக்க வேண்டும் என்று அவை கூறின. பத்து லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை உள்ள நகரங்கள் 18 மாதங்களில் பதப்படுத்தும் ஏற்பாட்டைச் செய்ய வேண்டியிருந்தது. உள்ளாட்சி, அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 விழுக்காடு மறுசுழற்சிப் பொருள் கட்டாயமாக்கப்பட வேண்டியிருந்தது. 2011 கணக்கெடுப்பில் கோவை மாநகராட்சியின் பழைய எல்லைக்குள்ளேயே பத்தரை லட்சம் பேர் இருந்தார்கள். ஆகவே இந்த விதி நம் நகரத்துக்கும் சேர்த்தே எழுதப்பட்டது. பத்து ஆண்டுகள் ஓடிய பிறகும் சாலையோரக் குவியல்கள் குறையவில்லை.

2025 ஏப்ரலில் அறிவிக்கப்பட்டு, 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு என விதிக்கப்பட்ட புதிய விதிகள், உற்பத்தியாளர் பொறுப்பு என்ற கோட்பாட்டைக் கட்டடத் துறைக்குக் கொண்டுவருகின்றன. அந்தப் பொறுப்பு 20,000 சதுர மீட்டர் அல்லது அதற்கு மேற்பட்ட பரப்புள்ள திட்டங்களுக்கு. பெரிய நிறுவனங்களைப் பிடிக்க அது நல்ல வலை. ஆனால் நாம் மேலே பார்த்த ஆயிரம் சதுர அடி வீடு 93 சதுர மீட்டர்தான். அதன் 46 டன் இடிபாடு 2016 விதியின் மாத வரம்பையும் தொடாது. மூன்று நாளில் பிரித்து ஏற்றினால் நாள் வரம்பையும் தொடாது. அத்தகைய நூறு வீடுகள் சேர்ந்தால் 4,600 டன். ஓடைக்கரையில் கிடப்பது இந்தச் சிறு வீடுகளின் இடிபாடும்தான்.

முடியும் என்பதற்குச் சான்றுகள் இருக்கின்றன. டெல்லியின் புராரியில் 2009இல் தொடங்கிய ஆலை நாளுக்கு 500 டன்னில் ஆரம்பித்து 2,000 டன் வரை வளர்ந்தது. உச்ச நீதிமன்றத்தின் புதிய வளாகத்தில் இடிபாட்டிலிருந்து செய்த கட்டைகள் இலட்சக்கணக்கில் இருக்கின்றன. சென்னை மாநகராட்சி பெருங்குடியிலும் கொடுங்கையூரிலும் ஆலை அமைத்திருக்கிறது. நம்மவர் ஏராளமாகக் கட்டட வேலை செய்யும் சிங்கப்பூரில் கட்டடக் கழிவு ஏறக்குறைய முழுவதுமே மறுபயனுக்குப் போகிறது. அங்கே நிலம் குறைவு. கொட்ட இடமில்லை என்ற கட்டாயம்தான் வழியைத் திறந்தது. கோவையிலும் கொட்ட இடமில்லை என்பதே உண்மை. குளத்தை இடமாகக் கணக்கிடுவதால்தான் அது நமக்கு உறைக்கவில்லை.

செய்ய வேண்டியவை

முதலாவது, பிரிப்பு இடிக்கும் இடத்தில் நடக்க வேண்டும். பொய்க்கூரையையும் பெயின்ட் பலகையையும் குழாய்களையும் முதலில் கழற்றி, அதன் பிறகு சுவரை இறக்கினால், கிடைக்கும் செங்கல்லும் காரையும் நேரே உடைப்பானுக்குப் போகலாம். எல்லாவற்றையும் ஜேசிபி வைத்து ஒரே மூச்சில் தள்ளிவிட்டுப் பிறகு ஆலையில் பிரிப்பது பல மடங்கு செலவு. சல்ஃபேட் தூளாகிக் கலந்த பின் பிரிக்கவும் முடியாது.

இரண்டாவது, அனுமதிப் படிவம். 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்றின் அடிப்படையில் உடனடி இணையவழி அனுமதியைத் தமிழக அரசு 2024 ஜூலையில் தொடங்கியது. அந்தப் படிவத்தில் ஒரே ஒரு கேள்வி கூட்டப்பட வேண்டும்: மனையில் இருந்த பழைய கட்டடத்தின் இடிபாடு எங்கே ஒப்படைக்கப்பட்டது? மாநகராட்சியின் ஐந்து மண்டலங்களிலும் ஒரு சேகரிப்பு இடமும் அங்கே எடைச்சீட்டும் இருந்தால் அந்தக் கேள்விக்கு விடை எழுதலாம். நடுவண் விதி தொடாத சிறு வீடு இப்படித்தான் கணக்குக்குள் வரும்.

மூன்றாவது, பொதுப்பணித் துறையின் விலைப்பட்டியல். அரசு வேலைக்கு மதிப்பீடு எழுதும் பொறியாளர் பட்டியலில் இல்லாத பொருளை எழுத முடியாது. மறுசுழற்சி மணல் 25 விழுக்காடு கலந்த ஒன்றுக்கு ஆறு கலவை என்ற ஓர் இனம் பட்டியலில் ஏறினால், பள்ளிச் சுற்றுச்சுவரும் அங்கன்வாடியும் பூங்காவும் அதன் முதல் வாடிக்கையாளர்கள் ஆகும். கூடவே ஐஎஸ் 2116 தரவரைவைத் திருத்தி, மறுசுழற்சி மணலுக்குச் சல்லடை அளவும் நீர் உறிஞ்சுதல் எல்லையும் சல்ஃபேட் வரம்பும் எழுத வேண்டும். அதற்குத் தேவையான அளவீடுகளை நம் கல்லூரிகள் நம் ஊர் இடிபாட்டிலிருந்தே எடுத்துத் தர முடியும்.

நான்காவது, உடைக்கும் இடத்துத் தொழிலாளர். கான்கிரீட்டை உலர்வாக உடைத்தால் எழும் சிலிக்காத் தூசி நுரையீரலைக் கெடுக்கும். தண்ணீர் தெளிப்பும் முகக்கவசமும் இல்லாத மறுசுழற்சி, சூழலைக் காக்கும் பெயரில் ஆளைக் கொல்வதாகிவிடும்.

இவை எல்லாம் அரசும் மாநகராட்சியும் செய்ய வேண்டியவை. வீட்டுக்காரர் செய்யக்கூடியதும் ஒன்று இருக்கிறது. பழைய வீட்டை இடிக்க ஆள் பேசும்போது மரத்துக்கும் கம்பிக்கும் எவ்வளவு தருவீர்கள் என்று கேட்கிறோம். அதோடு, செங்கல்லையும் காரையையும் தனியாகப் பிரித்து எங்கே கொண்டுபோய்ப் போடுவீர்கள் என்றும் கேளுங்கள். பதிலை ஒப்பந்தத் தாளில் எழுதி வாங்குங்கள். குளத்தில் கொட்டமாட்டேன் என்று எழுதித் தருபவருக்கு மட்டும் வேலையைக் கொடுங்கள்.